டி.என்.ஏ படலம் மழைக்குக் கடத்துது, கச்சானுக்குக் கடத்தாது: கட்டமைப்பு மாற்றத்தின் விளைவைப் பிரித்தெடுப்பது எப்படி?

கோணேசபுரி எழுதியது:

வணக்கம். டி.என்.ஏயின் கட்டமைப்பை மாற்றினால் அதன் இலத்திரனியல் இயல்பு எப்படி மாறும் என்பதுதான் இறுதியாண்டுச் செயற்றிட்டத் தலைப்பு.

அமைப்பு: கண்ணாடித் தட்டில் சீப்புப்பல் வடிவப் பொன் மின்வாய்ச் சோடி, பற்களுக்கிடையே 10 மைக்குரோமீற்றர். சமன் (சால்மன்) மீன் டி.என்.ஏ (சோடியம் உப்பு), காய்ச்சி வடித்த நீரில் மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம். அதில் 5 மைக்குரோலீற்றர் துளி வைத்து ஓர் இரவு உலரவிட்டேன். அளப்பது சாதாரண மல்ரிமீற்றரில். தடங்கல் (ஆடலோட்டத்துக்கான தடை) அளக்கக்கூடிய பொடென்சியோஸ்டற் ஒன்றும் கேட்டால் கிடைக்கும்.

சிக்கல் இரண்டு. ஒன்று, வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில் மீற்றர் திறந்த சுற்று என்றே காட்டுகிறது. மழை பெய்த அன்று அதே தட்டு சில மெகா ஓமுக்கு இறங்கிவிடுகிறது. அதுவும் நிலையாக நிற்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கவே ஏறுகிறது. இரண்டு, கரைசலை 95 பாகையில் வைத்து உடனே ஐஸில் போட்டு, இழைகளைப் பிரித்துப் படலம் போட்டால் ஓட்டம் குறையும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் கூடுகிறது.

இதில் எது டி.என்.ஏயின் குணம்? கையில் உள்ள வசதிக்குள் கட்டமைப்பின் விளைவைக் காட்ட வழி உண்டா?

---

பாலையூற்று எழுதியது:

உங்கள் இரண்டாவது சிக்கல்தான் முதலாவதற்கு விடை, தங்கச்சி. டி.என்.ஏயில் இலத்திரன் (சரியாகச் சொன்னால் நேர்த்துளை, அதாவது இலத்திரன் விட்டுப்போன வெற்றிடம்) போகும் பாதை என்று நாங்கள் பேசுவது மூலச் சோடிகளின் அடுக்கை. இழைகளைப் பிரித்தால் அந்த அடுக்குக் குலைய வேண்டும். அடுக்குக் குலைந்தும் ஓட்டம் குறையவில்லை என்றால் உங்கள் ஓட்டம் அடுக்கு வழியே போகவில்லை. போவது சோடியம் அயன், ஓடுவது தண்ணீர்ப் படையில்.

கணக்குப் பாருங்கோ. 5 மைக்குரோலீற்றர் துளியில் 5 மைக்குரோகிராம் டி.என்.ஏ. ஒரு நியூக்கிளியோரைட்டுக்கு ஏறத்தாழ 330 என்று எடுத்தால் 15 நனோமோல் பொசுபேற்று, அதை நடுநிலையாக்க அதே 15 நனோமோல் சோடியம். அந்தச் சின்னத் தட்டில் 9×10¹⁵ அயன் ஈரத்துக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறது. ஈரப்பதன் ஏற ஏறப் பொசுபேற்றைச் சுற்றித் தண்ணீர் சேரும், அயன் நகரும். பிரிந்த இழை சுருண்டு குழம்பிக் கிடப்பதால் தண்ணீரை இன்னும் தாராளமாகப் பிடிக்கும். ஓட்டம் கூடியதில் வியப்பில்லை.

பார்த்திருக்கவே தடை ஏறுவதும் இதே கதைதான். மல்ரிமீற்றர் தருவது நேரோட்ட அழுத்தம். அயன்கள் பொன்னுக்குப் பக்கத்தில் போய்க் குவிந்து, பொன்னைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். மீற்றரின் முனைகளை மாற்றிப் பிடியுங்கோ: ஒரு கணம் தடை குறைந்து திரும்ப ஏறினால் அயன் ஓட்டம் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

நேர்த்தியாகக் காட்ட வேண்டுமென்றால் பொடென்சியோஸ்டற்றை இரவல் வாங்கி, 10 மில்லிவோல்ற்று ஆடலோட்டத்தில் 1 மெகாஹேட்சிலிருந்து 0.1 ஹேட்ஸ் வரை தடங்கலை எடுங்கோ. உயர் மீடிறனில் ஓர் அரைவட்டம், தாழ் மீடிறனில் மேல்நோக்கிப் போகும் சாய்ந்த வால் வந்தால் மின்வாயில் தடுக்கப்பட்ட அயன்கள். இலத்திரன் கடத்துதல் உண்மையிலேயே இருந்தால் அந்த வால் இராது. தாழ் மீடிறனில் வளையி கிடையச்சில் வந்து விழும்.

இனி ஈரப்பதன். இதை வானிலையிடம் விடக்கூடாது. மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலுக்குள் நிரம்பிய உப்புக் கரைசல் வைத்து, அதற்கு மேலே படாமல் தட்டைத் தொங்கவிடுங்கோ. 30 பாகைக்குக் கிட்ட மகனீசியம் குளோரைட்டு 32–33%, சோடியம் குளோரைட்டு 75%, பொற்றாசியம் நைத்திரேற்று 92%, பொற்றாசியம் சல்பேற்று 97%. கரையாத உப்பு அடியில் கண்ணுக்குத் தெரியக் கிடக்க வேண்டும். இல்லையென்றால் அது நிரம்பிய கரைசல் அல்ல. சோடியம் குளோரைட்டுக்கு ஆய்வுகூடத் தர உப்பே போடுங்கோ. நிலாவெளி உப்பளத்து உப்பு பக்கத்தில் கிடைக்கிறதே என்று எடுத்தால் அதில் மகனீசியம் ஒட்டிக்கொண்டிருக்கும், 75இல் நிற்காமல் கீழே இழுக்கும். தட்டை ஒரு நாளாவது உள்ளே விட்டு, போத்தலைத் திறக்காமல், மூடியில் துளையிட்டு வெளியே கொண்டுவந்த கம்பி வழியே அளவுங்கோ. திறந்த அந்த நிமிடமே திருகோணமலைக் காற்று உள்ளே வந்துவிடும்.

75, 92 என்ற எண்களைச் சும்மா சொல்லவில்லை. ரோசலின்ட் பிராங்க்ளினும் கொஸ்லிங்கும் 1953இல் வெளியிட்ட ஊடுகதிர்ப் படங்களில் சோடியம் டி.என்.ஏ நார் 75% அளவில் ஏ வடிவத்திலும், 92% அளவில் பீ வடிவத்திலும் (இரட்டைச் சுருளின் இரு வகை) இருந்தது. அதாவது உங்கள் மேசையில் கிடந்த படலம் மழைக்கும் கச்சானுக்கும் இடையில் தண்ணீர் குடித்ததோடு நிற்கவில்லை, வடிவத்தையும் மாற்றியிருக்கலாம். கட்டமைப்பு மாற்றம் என்ற உங்கள் தலைப்பே தட்டில் நடந்திருக்கிறது. ஆனால் அயன் ஓட்டம் அதை மூடிவிடும். கூடவே சமன் மீன் டி.என்.ஏ என்பது எல்லா வரிசையும் கலந்த கும்பல், 10 மைக்குரோமீற்றர் என்பது ஏறத்தாழ 30,000 சோடி நீளம். அந்தத் தூரத்துக்கு எந்த நேர்த்துளையும் ஒரே மூலக்கூற்றில் போய்ச்சேராது.

இந்தத் தட்டிலேயே ஒரு பரிசோதனை மட்டும் செய்யலாம். டி.என்.ஏக்குப் பதிலாக, மூலங்களே இல்லாத சோடியம் பொலிபொசுபேற்றை அதே சோடிய அளவுக்குப் போட்டு, அதே போத்தல்களில் அளவுங்கோ. வளையிகள் ஒரே சாயலில் வந்தால் அறிக்கையில் ஓர் அத்தியாயம் தேறிவிடும். தலைப்புக்கு வேறு அமைப்பு வேண்டும்.

---

உவர்மலை எழுதியது:

பாலையூற்று சொன்னது முழுக்கச் சரி. இதே குழப்பம்தான் துறையிலும் பல ஆண்டு நடந்தது. மூலங்களின் அடுக்கு வழியே கடத்தலாம் என்று எலியும் ஸ்பிவியும் 1962இலேயே சொன்னார்கள். 1999இல் பின்க், ஷோனென்பேர்கர் டி.என்.ஏ கயிறு நன்றாகக் கடத்துகிறது என்றார்கள். 2000இல் போரத்தும் டெக்கர் குழுவினரும் 10.4 நனோமீற்றர் நீளக் குவனின்–சைற்றோசின் துண்டு ஒன்று அகன்ற இடைவெளியுள்ள குறைகடத்தி என்று காட்டினார்கள். 2001இல் ஒரு குழு மீகடத்தல்கூடத் தூண்டலாம் என்றது, இன்னொரு குழு முற்றான காவலி என்றது. மூலக்கூறு ஒன்றே, வேறுபட்டவை நீளம், வரிசை, ஈரம், உப்பு, அடித்தளம், மின்வாயோடு உள்ள தொடுகை. மைக்கா மீது கிடக்கும் இரட்டை இழையின் உயரம் 2 நனோமீற்றருக்குக் குறைவாகவே அளவிடப்படுகிறது, அதாவது நசுங்கிக் கிடக்கிறது. நசுங்கினால் அடுக்கும் நெளியும்.

கட்டமைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். அளவியெதுவும் வேண்டாம், மடிகணினியில் பைதன் மொழியும் அதன் நம்பை (NumPy) நூலகமும் போதும்.

ஒவ்வொரு மூலச் சோடியையும் ஒரு தளம் என்று எடுங்கள். தளத்தின் சக்தியாக அதிலுள்ள பியூரினின் அயனாக்கற் சக்தியைப் போடுங்கள்: குவனின் 7.75, அடினின் 8.24 இலத்திரன்வோல்ற்று. (சைற்றோசின் 8.87, தைமின் 9.14, இவை மேலே இருப்பதால் நேர்த்துளை அங்கே தங்காது.) அடுத்தடுத்த தளங்களுக்கிடையேயான இணைப்பைத் 'த' என்போம். பலரும் 0.1 முதல் 0.4 வரை போடுவார்கள். ஒரு தாயத்தின் (அணியின்) மூலைவிட்டத்தில் தளச் சக்திகள், இருபுறமும் 'த', முதல் தளத்திலும் கடைசித் தளத்திலும் மின்வாய்க்காக 0.1 இ.வோ. அகலத்தின் பாதியைக் கற்பனைப் பகுதியாகக் கழியுங்கள். சக்தியிலிருந்து இந்தத் தாயத்தைக் கழித்து நேர்மாறு எடுத்து, அதன் வலது மேல் மூலை உறுப்பின் மட்டு வர்க்கத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஊடுகடத்தல். நாற்பது வரிக்குமேல் வராது.

இரண்டு குவனின் தளங்களுக்கு நடுவே சில அடினின்–தைமின் சோடிகள் நிற்கின்றன என்று வையுங்கள். தடைச் சக்தி 8.24 − 7.75 = 0.49. சோடி ஒன்று கூடும்போது கடத்துதிறன் எத்தனை மடங்கு விழும் என்பதைக் கையாலேயே எடுக்கலாம்: 0.49ஐ இரண்டு 'த'வால் வகுத்து, அதன் நேர்மாறு அதிபரவளைவுக் கோசைனை எடுத்து, இரட்டித்து, அடுக்குக்குறியில் ஏற்றுங்கள்.

'த' 0.2 என்றால் சோடிக்கு 3.7 மடங்கு விழும். 'த' 0.1 என்றால் 22 மடங்கு. நான்கு சோடிக்கு முதலாவது 200 மடங்கு, இரண்டாவது 2,30,000 மடங்கு. இணைப்பு வெறும் பாதியாகக் குறைந்ததற்கு இவ்வளவு. இந்தத் 'த' என்பது முழுக்க முழுக்கக் கட்டமைப்பு: சோடிகளுக்கிடையே 0.34 நனோமீற்றர், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 35 பாகைத் திருப்பம், சரிவு, நழுவல். இவற்றில் எதைத் தொட்டாலும் 'த' அசையும்.

அளவீட்டோடு ஒப்பிடுங்கள். 2004இல் டாவோ குழு தண்ணீருக்குள்ளேயே தனி மூலக்கூறுகளை அளந்தது. எட்டுச் சோடிக் குவனின்–சைற்றோசின் துண்டுக்குக் கடத்துதிறன், கடத்துதிறன் சொட்டின் (குவாண்டத்தின்) 1.3×10⁻³ பங்கு, அதாவது ஏறத்தாழ 10 மெகா ஓம். நடுவில் அடினின்–தைமின் சோடி சேர்க்கச் சேர்க்க நனோமீற்றருக்கு 4.3 என்ற வீதத்தில் அடுக்குக்குறிப்படி தேய்ந்தது, சோடிக்கு 4.3 மடங்கு. எங்கள் 3.7 கிட்டத்தான் நிற்கிறது. ஆனால் இதைப் பார்த்து 'த' 0.2 என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 0.25 போட்டுப் பாருங்கள்: இரட்டித்தால் 0.5, தடை 0.49ஐ விடப் பெரிது, தடையே காணாமல் போய்விடும். மாதிரி அவ்வளவு கூர்மையான விளிம்பில் நிற்கிறது. மேலும் கீசே குழு 2001இல் காட்டியபடி மூன்று, நான்கு அடினின்–தைமின் சோடிக்குப் பிறகு நேர்த்துளை அடினின் மீதே ஏறித் துள்ளித் துள்ளிப் போகத் தொடங்கும். தூரம் கூடினாலும் அதற்குப்பின் பெரிதாக விழாது. இந்த நாற்பது வரி அதைக் காட்டாது.

மாற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். 'த'வைத் தொடுபவை: பொருந்தாச் சோடி, மூலமற்ற இடம், ஏ வடிவம், மூலச் சோடிகளுக்கிடையே இடைச்செருகும் மூலக்கூறு. தளச் சக்தியைத் தொடுபவை: அடினினின் ஏழாம் இட நைதரசனைக் காபனாக்கினால் தடை தாழும், கடத்தல் கூடும். குவனின் ஒட்சியேறி 8-ஒட்சோகுவனின் ஆனால் ஒட்சியேற்ற அழுத்தம் 1.29இலிருந்து 0.74 வோல்ற்றுக்கு (நியம ஐதரசன் மின்வாய் சார்பாக) விழும். சக்தி குறைவு என்பதால் கடத்தல் கூடும் என்று நினைத்தால் பிழை. அது குழி, நேர்த்துளை அங்கே விழுந்து கிடக்கும்.

ஏ வடிவம் பற்றி ஒரு வரி: 2015இல் ஹிஹாத் குழு எதனோல் சேர்த்து பீயிலிருந்து ஏக்கு மாற்றியபோது தனி மூலக்கூறின் கடத்துதிறன் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. ஏ வடிவத்தில் மூலங்கள் அச்சுக்குச் சரிந்தும் விலகியும் நிற்பதால் குறையும் என்றே பலர் ஊகித்திருப்பார்கள்.

---

தம்பலகாமம் எழுதியது:

கணக்கு அழகு. ஆனால் தங்கச்சி கேட்டது கையில் உள்ள வசதி. தனி மூலக்கூறு அளக்கும் நுண்முனை இல்லாமல் கட்டமைப்பின் விளைவைக் காட்ட இருக்கும் ஒரே நம்பகமான வழி, பொன் மின்வாயில் டி.என்.ஏயை நிமிர்த்தி நட்டு, மேலே ஒரு ஒட்சியேற்ற–தாழ்த்தல் மூலக்கூற்றை வைத்து, அதற்கு இலத்திரன் அடுக்கு வழியே போகிறதா என்று பார்ப்பது. அமெரிக்காவின் ஜாக்குலின் பார்ட்டன் ஆய்வுகூடம் வளர்த்த முறை. ஒரே ஒரு சோடியைப் பொருந்தாமல் ஆக்கியதும் சைகை விழ வேண்டும். விழவில்லையென்றால் நீங்கள் அளப்பது டி.என்.ஏயை அல்ல. இந்தச் சோதனையில் தேறாத எந்த எண்ணையும் அறிக்கையில் போடாதீர்கள்.

பொன்னைத் துப்புரவாக்குவதில்தான் பாதி வேலை. வட்டப் பொன் மின்வாயை 0.3, பிறகு 0.05 மைக்குரோமீற்றர் அலுமினாப் பசையில் எட்டுப்போல் தேய்த்து, நீரில் மீயொலிக் குளியலில் ஐந்து நிமிடம் வையுங்கள். பின் 0.5 மோலர் சல்பூரிக் அமிலத்தில் வளைய வோல்ற்றளவி ஓட்டம், வெள்ளி/வெள்ளிக் குளோரைட்டு சார்பாக 0 முதல் 1.5 வோல்ற்று வரை, அடுத்தடுத்த வளையிகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை. திரும்பும் பாதையில் 0.9 வோல்ற்றுக்குக் கிட்ட ஒற்றைக் கூர்முனை வர வேண்டும். 1.1 வோல்ற்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஓட்டம் எழும்பினால் அமிலத்துக்குள் குளோரைட்டு வந்துவிட்டது: கை வியர்வை, நியம மின்வாயின் கசிவு, சரியாகக் கழுவாத கண்ணாடி. குளோரைட்டோடு ஓட்டினால் பொன் கரையும். நிறுத்திவிட்டு அமிலத்தை மாற்றுங்கள்.

தயோல் இழை (பொன்னில் ஒட்டும் கந்தகம் முனையில் உள்ளது) வாங்கும்போது கந்தகம் இருசல்பைட்டாக மூடியே வரும். 100 மைக்குரோமோலர் இழையோடு 10 மில்லிமோலர் டீ.சீ.ஈ.பி (இருசல்பைட்டை உடைக்கும் தாழ்த்தி, நடுநிலை பீஎச்சில்) கலந்து இருட்டில் ஒரு மணிநேரம் வைத்து, உப்பகற்றும் நிரலில் விட்டு எடுங்கள். சமவளவு நிரப்பு இழை சேர்த்து, 5 மில்லிமோலர் பொசுபேற்று, 50 மில்லிமோலர் சோடியம் குளோரைட்டு, பீஎச் 7 தாங்கற்கரைசலில் 90 பாகைக்கு ஐந்து நிமிடம் ஏற்றி, ஒன்றரை மணிநேரத்தில் மெல்ல ஆறவிடுங்கள். அடுப்பை நிறுத்திவிட்டு நீர்ச்சட்டியோடு அப்படியே விட்டால் போதும். கரண்ட் போனால்கூட இந்தப் படி கெடாது!

25 மைக்குரோமோலர் இரட்டை இழைக்கு 100 மில்லிமோலர் மகனீசியம் குளோரைட்டு சேர்த்து, பொன் மேல் ஒரு துளி, ஆவியாகாமல் மூடி ஓர் இரவு. மகனீசியம் பொசுபேற்றுகளின் தள்ளுகையை அடக்கி இழைகளை நெருக்கமாக நிற்கச் செய்யும். மறுநாள் கழுவி, 1 மில்லிமோலர் மேர்கப்டோஎக்சனோலில் 45 நிமிடம். இது படுத்துக் கிடக்கும் இழைகளை எழுப்பி, வெற்றுப் பொன்னை மூடும். பல மணிநேரம் மறந்துவிட்டால் டி.என்.ஏயையே பிடுங்கி எறிந்துவிடும்.

அளவீடு: அதே தாங்கற்கரைசலில் 2 மைக்குரோமோலர் மெதிலீன் நீலம் (நான் சொன்ன ஒட்சியேற்ற–தாழ்த்தல் மூலக்கூறு இதுதான்), 2 மில்லிமோலர் பெரிசயனைட்டு. நைதரசன் வாயுவைக் குறைந்தது 15 நிமிடம் குமிழவிடுங்கள். ஒட்சிசன் இருந்தால் அது தாழ்த்தப்பட்ட நீலத்தைத் திரும்ப ஒட்சியேற்றிப் பொய்ச் சைகை தரும். ஒளி படாமல் பாத்திரத்தைத் தாளால் சுற்றுங்கள். பெரிசயனைட்டு எதிரேற்றம், டி.என்.ஏக் காடும் எதிரேற்றம், ஆகவே அது தானாகப் பொன்னுக்கு வராது. அடுக்கு வழியே இலத்திரன் பெற்ற நீலம் அதைப் பெரிசயனைட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வரும். ஒரே நீல மூலக்கூறு பலமுறை சுழல்வதால் சைகை பெருகும், பொருந்தாச் சோடியின் வேறுபாடும் பெருகித் தெரியும். கூர்முனையை −0.2 முதல் −0.3 வோல்ற்றுக்குள் தேடுங்கள்.

எங்கே பிழைக்கும்? பெரும்பாலும் மூன்று இடத்தில். படலம் ஐதாக இருந்தால் நீலம் இழைகளுக்கிடையால் இறங்கிப் பொன்னை நேரே தொடும். பொருந்தியதும் பொருந்தாததும் ஒரே சைகை தரும். நீலத்தின் செறிவைக் கூட்டினால் அது இடைச்செருகாமல் பொசுபேற்றில் வெளியே ஒட்டும், அதே விளைவு. மூன்றாவது, இரண்டு மின்வாயிலும் டி.என்.ஏ அளவு வேறாக இருந்தால் சைகை விழுந்ததற்கு அடுக்குத்தான் காரணம் என்று சொல்லவே முடியாது. அதற்கு ருதேனியம் எக்சாஅமீன் 100 மைக்குரோமோலர், 10 மில்லிமோலர் திரிஸ் தாங்கற்கரைசலில், மின்னேற்ற அளவீடு எடுங்கள். அது பொசுபேற்றை மட்டும் எண்ணும், அடுக்கு நல்லதா கெட்டதா என்று பார்க்காது. ருதேனியம் சமம், நீலம் மட்டும் விழுந்தது என்றால்தான் முடிவு.

---

கோணேசபுரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மீற்றர் முனையை மாற்றிப் பார்த்தேன், பாலையூற்று அண்ணை சொன்ன மாதிரியே ஒரு கணம் விழுந்து ஏறுகிறது. அந்தத் தட்டைப் பொலிபொசுபேற்று ஒப்பீட்டோடு விட்டுவிடுகிறேன்.

தம்பலகாமம் சேர், இரண்டு கேள்வி. 15 சோடி இழை வாங்கலாம் என்று இருக்கிறேன், மலிவு. எங்கள் ஆய்வுகூடத்தில் ஏசி இல்லை, பகலில் 31, 32 பாகை நிற்கும். பாதிக்குமா? மற்றது, பொருந்தாச் சோடிக்குப் பதிலாக ஒரு இழையின் வெல்ல–பொசுபேற்றுச் சட்டத்தில் வெட்டு வைத்தால் அதுவும் கட்டமைப்பு மாற்றம்தானே? தைமின்–தைமின் சோடிக்கு இரச அயன் விட்டுப் பார்க்கவும் ஆசை.

---

தம்பலகாமம் எழுதியது:

வெப்பநிலை நன்றாகவே பாதிக்கும். கைக்கணக்கு: அடினின், தைமினுக்கு 2, குவனின், சைற்றோசினுக்கு 4. எட்டுக் குவனின்–சைற்றோசின் உள்ள 15 சோடிக்கு 14 + 32 = 46 பாகை. அது 0.9 மோலர் அளவு சோடியத்துக்கு உரிய எண். 50 மில்லிமோலருக்கு உப்புத் திருத்தம் போட்டால் 20 பாகை கழிந்து 25, 26க்கு வந்துவிடும். இந்தக் கைக்கணக்கு ஐதான கரைசலுக்குரியது, கொஞ்சம் பயமுறுத்தும். இழைச் செறிவையும் சேர்த்து, அடுத்தடுத்த சோடி முறையில் திரும்பக் கணியுங்கள். ஆனாலும் பொருந்தாச் சோடி வைத்தால் மேலும் சில பாகை குறையும். 32 பாகை அறையில் உங்கள் பொருந்தாத இழை பாதி கழன்று நிற்கும், சைகை அழகாக விழும், காரணம் அடுக்கு அல்ல, உருகல். அளவீட்டுப் பாத்திரத்தை ஐஸ் கலந்த நீர்ச்சட்டியில் 20 பாகைக்குப் பிடியுங்கள், இழையை 30 சோடியாக்குங்கள்.

30 என்பதற்கு வெட்டும் ஒரு காரணம். நிரப்பு இழையைப் 15 + 15 ஆகப் பிரித்து வாங்கினால் நடுவில் வெட்டு வந்துவிடும். 10 + 10 ஆக்கினால் துண்டுகள் நிற்காது. 30 சோடி 10 நனோமீற்றர் வரும், பயப்பட வேண்டாம். 2011இல் இதே முறையில் 100 சோடி, 34 நனோமீற்றர் தூரத்துக்குக் காட்டியிருக்கிறார்கள். அங்கேயும் ஒற்றைப் பொருந்தாச் சோடி சைகையைக் குறைத்தது. வெட்டு வைத்தால் சைகை குறையக்கூடாது, ஏனென்றால் அடுக்கு அப்படியே இருக்கிறது. பொருந்தாச் சோடி குறைக்கும், வெட்டுக் குறைக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அதைவிட வலுவான படம் கிடையாது.

இரசம் வேண்டாம். தைமின்–இரசம்–தைமின் சோடி உண்மைதான், கரைசலில் அழகாக வேலை செய்யும். பொன் மின்வாயில் விட்டால் இரசம் பொன்னோடு கலந்து தயோலையும் கெடுக்கும். கழிவை ஊற்ற இடமும் இல்லை. சைற்றோசின்–வெள்ளி–சைற்றோசினும் அப்படித்தான், தாங்கற்கரைசலில் குளோரைட்டு இருக்கும்வரை வெள்ளி வெண்வீழ்படிவாகப் போய்விடும்.

---

உவர்மலை எழுதியது:

வெட்டு விடயத்தில் ஓர் எச்சரிக்கை. 2020இல் போரத் குழு, நனோமீற்றர் இடைவெளியில் உலர்ந்த நிலையில் பிடித்த தனி இரட்டை இழைகளில், இழைகள் இரண்டிலுமே வெட்டு வைத்ததும் ஓட்டம் நின்றுவிட்டது என்று காட்டி, அங்கே ஓட்டம் சட்டம் வழியே போகிறது என்றது. தம்பலகாமம் சொல்லும் படலத்தில் வெட்டுப் பாதிக்காததும் உண்மை. அழுத்தம், ஈரம், தொடுகை எல்லாமே வேறு. ஆகவே அறிக்கையில் 'டி.என்.ஏ இப்படித்தான் கடத்தும்' என்று எழுதாமல், 'கரைசலில், பொன் மீது, இந்த அழுத்தத்தில்' என்று எழுதுங்கள். நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

---

தம்பலகாமம் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வாங்க வேண்டியவை: தயோல் உள்ள 30 நீள இழை ஒன்று, முழு நிரப்பு ஒன்று, அதே நிரப்பில் ஒரு குவனினை அடினினாக்கியது ஒன்று (சைற்றோசின்–அடினின் பொருந்தாச் சோடி), இரண்டு 15 நீளத் துண்டுகள். வெட்டில் இரண்டு முனையும் ஐதரொட்சில் முனையாகவே இருக்கட்டும், மேலதிகப் பொசுபேற்று போட்டு வாங்காதீர்கள். பொருந்தாச் சோடியைப் பொன்னுக்குக் கிட்ட, கீழ்ப் பாதியில் வையுங்கள். நெருங்கிய படலத்தில் நீலம் மேல்முனைப் பக்கம்தான் செருகும். ஒரே குவனின் நான்கு தொடர்ந்து வரும் வரிசையைத் தவிருங்கள், நான்கிழைக் கட்டு கட்டிக்கொள்ளும்.

உலர்ந்த தூளாக வரும். வந்தவுடன் முழுவதையும் கரைக்காமல் தேவைக்கு மட்டும் கரையுங்கள். தயோல் இழையை டீ.சீ.ஈ.பி போட்ட அன்றே மின்வாயில் ஏற்றிவிட வேண்டும், குளிரூட்டியில் வைத்தால் சில நாளில் திரும்ப இருசல்பைட்டாகிவிடும். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது மூன்று மின்வாய். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட வராதீர்கள்.